தட்டு நிறையத் தானியம் இருந்தும் குஞ்சு ஏன் கத்துகிறது?

பங்குனி பாதியிலிருந்து வைகாசி முடியும்வரை, மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ பறவைகளுக்குத் தீனி வைக்கும் வீடுகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. கம்பும் நொய்யரிசியும் நிறைந்த தட்டின் நடுவில் ஒரு சிட்டுக்குருவி நிற்கும். உடம்பைத் தாழ்த்தி, இறக்கைகளைப் படபடவென நடுக்கி, வாயைப் பிளந்து கத்தும். காலடியில் கிடக்கும் மணியைத் தொடவே தொடாது. பக்கத்தில் நிற்கும் இன்னொரு குருவி நாலு மணியைக் கொறித்துவிட்டுச் செடிப்பக்கம் பறந்துபோய், ஒரு பச்சைப்புழுவோடு திரும்பி வந்து அதன் வாயில் திணிக்கும். கோடைத் தொடக்கத்தில் பறவைகளுக்கு எதை வைக்க வேண்டும், எதில் கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் இந்த ஒரு காட்சியைப் புரிந்துகொள்வதில் அடங்கியிருக்கிறது.

கத்துகிற குருவி கூட்டைவிட்டு வெளியே வந்து ஓரிரு நாளே ஆகியிருக்கும். அதுவரை உணவு என்பது பெற்றோரின் அலகிலிருந்து நேராக வாய்க்குள் வந்த பொருள். கீழே கிடப்பதும் உணவுதான் என்று அதற்கு இன்னும் தெரியாது. தெரிந்தாலும் உமியை உடைக்கும் வலு அலகுக்கு வரவில்லை. இறக்கை நடுக்கமும் பிளந்த வாயின் நிறமும் பெற்றோருக்கான சைகைகள். அவற்றைக் கண்டால் பெரிய பறவையால் ஊட்டாமல் இருக்க முடியாது. சிட்டுக்குருவிக் குஞ்சு கூட்டைவிட்டு வந்த பிறகும் ஒன்று முதல் இரண்டு வாரம் வரை இப்படித்தான் வளரும். இந்த வேலையைப் பெரும்பாலும் ஆண் குருவி பார்த்துக்கொள்ளும். தாய் அதற்குள் அடுத்த முட்டைக்குத் தயாராகியிருக்கும்.

ஏன் புழு? முட்டையிலிருந்து வரும்போது குருவிக்குஞ்சு இரண்டு மூன்று கிராம்தான் இருக்கும். இறகு கிடையாது, கண் திறந்திருக்காது. 14 முதல் 16 நாளுக்குள் அது ஏறக்குறைய பெற்றோர் எடையை எட்டி, இறகு மூடி, கூட்டைவிட்டுப் பறக்கிறது. தசை, இறகு, அலகு எல்லாமே புரதத்தால் ஆனவை. கம்பிலும் அரிசியிலும் இருப்பதோ பெரும்பாலும் மாவுச்சத்து. ஆகவே தானியமே தின்று வாழும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்கு மென்புழு, அசுவினி, சிறு வெட்டுக்கிளி, சிலந்தி என்று தேடித் தேடிக் கொண்டுவருகிறது. பூவில் தேன் உறிஞ்சும் தேன்சிட்டு தன் இரண்டு குஞ்சுகளுக்கும் சிலந்தியையும் சிறு பூச்சிகளையும் ஊட்டுகிறது. பழந்தின்னியான கொண்டைக்குருவியும் முதல் நாட்களில் பூச்சிகளையே நம்பியிருக்கிறது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு: புழுவின் உடலில் பெரும்பகுதி தண்ணீர். கூட்டில் இருக்கும் குஞ்சுக்குத் தாகம் தீர்வதும் அந்தப் புழுவால்தான்.

புறாக்கள் மட்டும் விலக்கு. புள்ளிப்புறாவும் தவிட்டுப்புறாவும் குஞ்சு பொரிக்கும் காலத்தில் தீனிப்பையின் உட்சுவரிலிருந்து தயிர்போன்ற ஒரு கொழுப்பும் புரதமுமான பொருளைச் சுரக்கின்றன. குஞ்சு பெற்றோரின் வாய்க்குள் அலகை விட்டு அதைக் குடிக்கும். சில நாள் கழித்து அதோடு ஊறிய தானியமும் சேரும். பூச்சி குறைந்துபோன நகரங்களில் மற்றவை தடுமாற, புறாக்கள் மட்டும் செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே தட்டில் நாம் வைக்கும் தானியம் குஞ்சைப் பெற்றவர்களுக்கானது. அவை தங்கள் வயிற்றை அங்கே சீக்கிரம் நிரப்பிக்கொண்டால், பிடிக்கிற பூச்சி முழுவதும் குஞ்சுக்குப் போகும். அந்த அளவில் தட்டு மிக நல்ல உதவி. ஆனால் சுற்றிலும் செடியே இல்லாத அடுக்குமாடியில், தட்டு மட்டும் நிரம்பி வழிந்தால் பெற்றோர் கிடைத்ததையே எடுத்துக்கொண்டு போகும்: சோறு, பிஸ்கட் துண்டு, காராபூந்தி. குஞ்சின் வயிறு நிறையும், உடம்பு வளராது. தீனி வைக்கும் நல்ல மனசோடு நாலு செடியும் சேர வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வந்திருப்பது குஞ்சுதானா?

கூட்டைவிட்டு வந்த குஞ்சு உயரத்தில் பெரிய பறவைக்குச் சமமாகவே தெரியும். முதலில் பார்க்க வேண்டியது கடைவாய். அலகின் இரு ஓரத்திலும் தடித்த மஞ்சள் அல்லது வெளிர் நிறச் சதை இருந்தால் அது குஞ்சு. அடுத்தது வால்: குட்டையாக, நறுக்கிவிட்டாற்போல இருக்கும். தையல்சிட்டுக் குஞ்சில் இது நன்றாகவே தெரியும். பெற்றோரின் தூக்கிய நீள வால் அதற்கு இருக்காது.

சிட்டுக்குருவிக் குஞ்சுகள் ஆணோ பெண்ணோ எல்லாமே தாயைப்போலப் பழுப்பாக இருக்கும்; கறுப்புத் தொண்டை பிறகுதான் வரும். கொண்டைக்குருவி வகையான செம்மீசைச் சின்னானின் குஞ்சுக்குக் கன்னத்தில் சிவப்புப் பொட்டு இருக்காது, வாலடியும் சிவப்பாக இல்லாமல் வெளிர் ஆரஞ்சாக இருக்கும். அதனால் அதை வேறு இனமென்று நினைப்பவர்கள் உண்டு. மைனாக் குஞ்சின் தலை பெற்றோரைப்போலக் கருகருவென்று இராமல் மங்கிய பழுப்பாக இருக்கும். புள்ளிப்புறாக் குஞ்சின் கழுத்தில் அந்தக் கறுப்பு வெள்ளைப் புள்ளிப் பட்டை தெளிவாக இராது. கிளிகள் மற்றவற்றுக்கு முன்பே, தை மாசியிலேயே, மரப்பொந்தில் முட்டையிட்டுவிடுவதால் சித்திரையில் தட்டுக்கு வரும் கிளிக்கூட்டத்தில் குட்டை வாலும் கழுத்து வளையம் இல்லாததுமான இளங்கிளிகள் இருக்கும். வளையம் இல்லாததெல்லாம் பெண் என்று கணக்குப் போட முடியாது; ஆண் கிளிக்கு வளையம் வர இரண்டு மூன்று வருடம்கூட ஆகும்.

தவிட்டுக்குருவிகள் தனி விஷயம். ஆறு ஏழாகக் கூட்டமாகத் தரையில் குப்பையைக் கிளறும் இவற்றில், குஞ்சுக்கு ஊட்டுவது பெற்றோர் மட்டும் இல்லை. கூட்டத்தின் மற்ற உறுப்பினர்களும் ஊட்டும். அந்தக் கூட்டத்தின் நடுவே நீள வாலோடு, வேறு உருவத்தில் ஒன்று விடாமல் கத்தித் தீனி கேட்டால் அது சுடலைக்குயில் அல்லது அக்காக்குயிலின் குஞ்சு. தவிட்டுக்குருவியின் நீல முட்டைகளோடு அதே நிறத்தில் தன் முட்டையைக் குயில் இட்டுச் சென்றிருக்கும். அதை விரட்ட வேண்டியதில்லை. அதுவும் நம் தோட்டத்தின் பறவையே. முருங்கையில் அப்பும் கம்பளிப்பூச்சியை மற்ற பறவைகள் ஒதுக்கும்போது விரும்பித் தின்பது வளர்ந்த குயிலினம்தான்.

தண்ணீர்

இந்தப் பருவத்தில் ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் தண்ணீரை வையுங்கள். பறவைக்கு வியர்வை இல்லை. அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. ஒவ்வோர் இரைப்பிலும் உடம்பு நீர் ஆவியாகிறது. புழுவை விட்டு உலர்ந்த தானியத்துக்கு மாறும் இளம்பறவைக்குத் தேவை இரட்டிப்பு. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் அக்கினி நட்சத்திரத்தில்தான் பல குஞ்சுகள் முதன்முறையாகத் தாமே குடிக்கக் கற்கின்றன.

சட்டி அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்க வேண்டும். சுமார் 30 செ.மீ. அகலமுள்ள மண்தட்டு போதும். ஓரத்தில் 2 செ.மீ., நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நடுவில் சொரசொரப்பான இரண்டு கற்களை, தண்ணீருக்கு மேல் தலை தெரியும்படி வையுங்கள். பிளாஸ்டிக் பேசின் வழுக்கும். எவர்சில்வர் வெயிலில் கொதிக்கும். மண்சட்டியில் நீர் கசிந்து ஆவியாவதால் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும்.

வைக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அடர்ந்த செடிக்கு ஒட்டி வைத்தால் பூனை பதுங்க வசதி. வெட்டவெளியில் வைத்தால் வல்லூறு பாயும்போது ஓடி ஒளிய இடமில்லை. புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி, மர நிழலில், முடிந்தால் இடுப்புயர மேடையில் வைப்பது சரி. ஈர இறகோடு இளங்குஞ்சால் உயரப் பறக்க முடியாது. ஆறேழு அடியில் ஒரு தாழ்ந்த கிளை இருந்தால் அதை எட்டிவிடும்.

தினமும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். இரண்டு நாளுக்கொருமுறை சட்டியின் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவிடும். தண்ணீரை மாற்றினால் மட்டும் அது போகாது; காய்ந்தாலும் சாகாது. கோடைச் சூட்டில் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஊர்க்காரர்களோ சுகாதாரப் பணியாளரோ பறவைச் சட்டியைக் குறை சொல்லாமல் இருக்க வேண்டுமென்றால் இந்தத் தேய்ப்பு கட்டாயம்.

கூடவே ஒரு எச்சரிக்கை. மாடியில் பாதி நிரம்பிய வாளி, திறந்த டிரம், மூடியில்லாத தண்ணீர்த்தொட்டி இவற்றில் விழுந்து மூழ்கும் குஞ்சுகள் நிறைய. சுவர் வழவழப்பாக இருப்பதால் ஏற முடியாது. மூடிவையுங்கள், முடியாவிட்டால் அடியிலிருந்து விளிம்பு வரை ஒரு தென்னை மட்டையைச் சாய்த்து வையுங்கள்.

தீனி: எது, எவ்வளவு

ஒரு சிட்டுக்குருவி நாளொன்றுக்குத் தின்னும் தானியம் ஏறக்குறைய 4, 5 கிராம். அதையும் அது ஒரே இடத்தில் தின்னாது. எனவே ஒரு கைப்பிடி, அதாவது 40, 50 கிராம், காலையில் வைத்தால் ஒரு சிறு கூட்டத்துக்குப் போதும். இரண்டு மணி நேரத்தில் தீராத அளவு கூடுதல் அளவு. மீந்ததை அள்ளிவிடுங்கள், இரவில் கிடக்கும் தானியம் எலியை அழைக்கும், எலியின் பின்னால் பாம்பும் வரும்.

தினை, சாமை, உடைத்த கம்பு, நொய்யரிசி ஆகியவை பழகும் குஞ்சுக்கு ஏற்ற சிறுமணிகள். பச்சரிசி பறவை வயிற்றில் ஊதி வெடிக்கும் என்பது வெறும் வதந்தி. தினையை ஓரிரவு ஊறவைத்து முளை எட்டிப்பார்க்கும் நேரத்தில் வைத்தால் மென்மையாக இருக்கும். ஆனால் ஊறியது வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். கால் கைப்பிடிக்கு மேல் வேண்டாம். நம் வீட்டு நிலையில் தொங்கவிடும் நெற்கதிர்க் கொத்து இன்றைக்கும் மிகச் சிறந்த தீனிக்கலம் என்பேன். குருவி அதில் தொற்றி நின்று கொறிக்கும், கொழுத்த மாடப்புறாவால் அதில் உட்கார முடியாது, எச்சம் தீனியில் விழாது. குஞ்சு பக்கத்தில் தொற்றிக்கொண்டு பெற்றோர் செய்வதைப் பார்த்துப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

கொண்டைக்குருவி, மைனா, குயில் இவற்றுக்குப் பழம். பாதியாக வெட்டிய வாழைப்பழம், கொய்யா, பப்பாளி எதுவானாலும் கிளை முள்ளில் குத்தி வைக்கலாம். எறும்பு ஏறினால் எடுத்துவிடுங்கள். எறும்பைத் தடுக்கக் கயிற்றில் கிரீஸோ விளக்கெண்ணெயோ தடவுவது பெரிய தவறு: எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொண்டால் அந்தப் பறவையால் பறக்கவும் முடியாது, உடல் சூட்டைக் காக்கவும் முடியாது.

முறுக்கு, மிக்சர், ஊறுகாய்ச் சோறு, உப்புக்கடலை வேண்டவே வேண்டாம். சிறுபறவையின் சிறுநீரகம் அந்த உப்பை வெளியேற்றும் வலு கொண்டதல்ல. பால் செரிக்காது. காகத்துக்கு வைக்கும் சோற்றில் உப்பில்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். நிலக்கடலை வைப்பவர்கள் பொக்கையும் கறுப்பும் பூசணமும் இல்லாத பருப்பைத் தூளாக்கி மட்டும் வையுங்கள். முழுப் பருப்பு குஞ்சின் தொண்டையில் அடைக்கும். பூசணம் பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு பறவையின் ஈரலைத் தாக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

குஞ்சுகள் வரத் தொடங்கிய பிறகு தட்டில் நெரிசல் கூடும். நோயும் அங்கேதான் தொற்றும். இளம்பறவைக்கு நோய் எதிர்ப்பு குறைவு. புறாக்கள் சுமக்கும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி எச்சிலாலும் தண்ணீராலும் பரவும். தொண்டையில் மஞ்சள் கட்டி வளர்ந்து விழுங்க முடியாமல் செய்யும். உடலை உப்பிக்கொண்டு, ஆள் நெருங்கினாலும் நகராமல், வாயில் ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் தட்டையும் சட்டியையும் இரண்டு வாரம் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் கூடாமல் கலைந்து போவதே மற்றவற்றுக்குக் காப்பு. வாரத்துக்கொருமுறை ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாக அலசி, வெயிலில் முழுக்கக் காயவிட்ட பிறகே மறுபடி தீனி போட வேண்டும். காய்வதுதான் முக்கியம், ஈரமில்லாவிட்டால் அந்த ஒட்டுண்ணி நீடிக்காது.

தட்டு கூட்டுக்கு அருகில் இருக்கக் கூடாது. தீனி தேடி வரும் காகமும் அணிலும் முட்டையையும் குஞ்சையும் விடாது; செம்போத்தும் அப்படியே. செம்பருத்திப் புதரில் தையல்சிட்டு இலையைத் தைத்திருந்தால், அங்கிருந்து 15, 20 அடியாவது தள்ளித் தட்டை மாற்றுங்கள்.

பூச்சி வளர்த்தல்

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இலை கடித்த தடம் தெரிந்தால் மருந்தடிக்கத் தோன்றும். பங்குனி முதல் ஆனி வரை அதைத் தள்ளிப்போடுங்கள். அந்த வண்ணத்துப்பூச்சிப் புழுக்களும் ஆமணக்கில் மேயும் புழுக்களும்தான் கொண்டைக்குருவியும் தையல்சிட்டும் குண்டுக்கரிச்சானும் தேடி வரும் பொருள். மருந்தில் பாதி செத்த புழுவைப் பறவை எளிதில் பிடித்துக் குஞ்சுக்கு ஊட்டிவிடும் அபாயமும் இருக்கிறது. சருகைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, மாலையில் கொஞ்சம் ஈரப்படுத்தினால் கறையானும் கரப்பானும் மண்புழுவும் சேரும். தவிட்டுக்குருவிக் கூட்டத்துக்கு அதுதான் சோற்றுப்பானை. வெட்சியும் செம்பருத்தியும் இருக்கும் தோட்டத்தில் தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தேவையே இல்லை. பூவோடு சிலந்தியும் கிடைக்கும். கோடை மழை பெய்த மறுநாள் ஈசல் புறப்பட்டால், பறக்கப் பழகிய குஞ்சுகளெல்லாம் தட்டை மறந்து அதைத் துரத்துவதைப் பார்க்கலாம். தாமே இரை பிடிக்கும் பழக்கம் பலவற்றுக்கு அங்கேதான் கைகூடுகிறது.

தரையில் கிடக்கும் குஞ்சு

இந்த மாதங்களில் பறவை ஆர்வலர்களுக்கு அதிகம் வரும் கேள்வி: “குஞ்சு கீழே விழுந்துகிடக்கு, என்ன செய்ய?” விடை அதன் உடம்பில் இருக்கிறது. இறகு மூடியிருக்கிறதா, கிளையையோ விரலையோ பற்றி நிற்கிறதா, தத்தித் தத்தி நகர்கிறதா? அப்படியானால் அது விழவில்லை, கூட்டைவிட்டு இறங்கியிருக்கிறது. கொண்டைக்குருவிக் குஞ்சு பன்னிரண்டு நாளிலேயே, நன்றாகப் பறக்க வருவதற்கு முன்பே, இறங்கிவிடும். ஒரே கூட்டில் எல்லாம் சேர்ந்திருந்தால் ஒரு பூனையோ பாம்போ மொத்தத்தையும் முடித்துவிடும். ஆளுக்கொரு புதரில் சிதறியிருந்தால் ஒன்றிரண்டாவது தப்பும். பெற்றோர் பக்கத்தில்தான் இருக்கும். நாம் நிற்பதால் வராமல் இருக்கும். வழியில் கிடந்தால் எடுத்து அருகிலுள்ள புதரில் விட்டுவிட்டுக் குறைந்தது முப்பதடி விலகிப் போங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. வீட்டுப் பூனையை ஒரு வாரம் உள்ளே வைத்துக்கொள்வது அந்தக் குஞ்சுக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

இறகு முளைக்காத, கண் திறக்காத, ஈர்க்குபோன்ற இறகுக் குருத்து மட்டும் உள்ள குஞ்சு என்றால் அது உண்மையாகவே விழுந்தது. கூடு எட்டினால் அதிலேயே வையுங்கள். கூடு சிதைந்திருந்தால், அடியில் நாலு துளையிட்ட கொட்டாங்குச்சியிலோ சிறு கூடையிலோ தேங்காய் நார் பரப்பி, அதே கிளையில் நிழலாகக் கட்டுங்கள். பெரும்பாலும் ஓரிரு மணியில் பெற்றோர் ஊட்ட வந்துவிடும்.

காகக்குஞ்சு இறங்கியிருக்கும் தெருவில் காகங்கள் போகிறவர் தலையில் கொத்துவதும் இந்தப் பருவத்தில்தான். பத்து நாளில் தானாக நிற்கும். குடை பிடித்துப் போனால் போதும். காகம் ஊட்டும் அந்தக் கறுப்புக் குஞ்சின் உடம்பில் வெளிர்ப் புள்ளிகளும் நீண்ட வாலும் இருந்தால் அது குயில். குயில்குஞ்சு காகக்குஞ்சுக்கு முந்திப் பொரிந்து, முந்தி வாய் பிளக்கும். ஆனாலும் பெரும்பாலும் காகக்குஞ்சுகளை வெளியே தள்ளுவதில்லை.

பூனை கடித்தது, இறக்கை தொங்குவது, ரத்தம் வருவது, கண்ணாடியில் மோதி மயங்கியது ஆகிய நான்கில்தான் குஞ்சை எடுக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் மூச்சுத்துளை இட்டு, துணி விரித்து, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்: பறவையின் மூச்சுக்குழல் திறப்பு வாய்க்குள் நாக்கு முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னாலேயே இருப்பதால் ஊற்றிய நீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். பாலும் சோறும் திணிக்காதீர்கள். கண்ணாடியில் மோதியது ஓரிரு மணியில் தெளிந்தால் பிடித்த இடத்திலேயே விடுங்கள். பூனை கடித்தது வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருந்தில்லாமல் பிழைப்பது அரிது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எந்த நிலையிலும் வளர்ப்பதற்காக வைத்துக்கொள்ள முடியாது. கிளிக்குஞ்சுக்கு இது குறிப்பாகப் பொருந்தும்: 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக்கிளியை வீட்டில் வைத்திருப்பது குற்றம். மருத்துவர் பார்த்த பிறகு வனத்துறை அலுவலகத்துக்கோ பறவைகளைப் பராமரிக்கும் மீட்பு மையத்துக்கோ தகவல் சொல்லி, எந்த மரத்தடியில் எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். தேறியதும் அதை அதே கூட்டத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்க அந்தக் குறிப்பு வேண்டும்.